ஆய்வு நாளில் மட்டும் வந்தவர்

அவர் எங்கள் கல்லூரிக்கு வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வருவார். அவருடைய சான்றிதழ்கள் மட்டும் வருடம் முழுவதும் என் பீரோவில் இருந்தன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி எம்.எட். பட்டம் வரை எல்லாமே அசல். நீல நிறப் பிளாஸ்டிக் உறை ஒன்றில், ஒவ்வொரு சான்றிதழுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து அடுக்கிக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் சுருட்டிக் கொடுத்தார்கள், மடித்துக் கொடுத்தார்கள், ஒருவர் மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். அவற்றுக்கிடையே இந்த வெள்ளைத் தாள்கள் எனக்கு வேடிக்கையாக இருந்தன.

கல்லூரி என்று சொல்கிறேன். தென்னேரி ஏரிக்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், வயல்களுக்கு நடுவே இரண்டு மாடிக் கட்டடம். ஆசிரியராக விரும்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து பி.எட். பட்டம் வாங்கித் தருகிற இடம். அங்கே எட்டு வருடம் அலுவலக உதவியாளராக இருந்தேன். தாளாளர் எங்கள் பக்கத்துக்காரர். நெல்லும் செங்கல் சூளையும் கட்சிப் பொறுப்புமாக இருந்தவர், ஒருநாள் கல்விக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

எங்களிடம் சேர்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கேயாவது வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்வுக்கு மட்டும் வருவார்கள். மாணவர்கள் வராத இடத்தில் ஆசிரியர்களுக்கு என்ன வேலை? அவர்களும் வரமாட்டார்கள். ஆனால் விதிப்படி இத்தனை மாணவருக்கு இத்தனை ஆசிரியர், இன்னின்ன படிப்புப் படித்தவர்கள் இருந்தாக வேண்டும். ஆகவே படித்த ஆட்களின் அசல் சான்றிதழ்கள் எங்கள் பீரோவில் இருக்கும். ஆய்வுக் குழு வரும் நாளில் ஆட்களும் வந்துவிடுவார்கள். சம்பளம் தாளில் ஒன்று, கையில் ஒன்று. இது ஊரறிந்த ரகசியம், எங்கள் கல்லூரி மட்டும் செய்ததும் அல்ல. நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்போது இதில் நியாயம் அநியாயம் என்று எனக்கு எதுவும் தோன்றியதே இல்லை.

அவர் முதல்முறை வந்த காலை. வேனில் வந்து இறங்கியவர்கள் பணியாளர் அறையில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்து, மிக்சர் சாப்பிட்டபடி, எந்தக் கல்லூரியில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இவர் மட்டும் நேராக என் மேசைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு பை. வாழ்நாள் முழுவதும் பட்டு நெய்கிற வீடு, ஆனால் பட்டு கட்டி நான் அவரைப் பார்த்ததில்லை.

“சாக்பீஸ் எங்க இருக்குது சார்?” என்று கேட்டார்.

கல்லூரியில் சாக்பீஸ் இல்லை. ஆய்வுக்காக நூலகத்துக்குப் புத்தகங்கள் வாடகைக்கு வந்திருந்தன. உயிரியல் கூடத்துக்கு எலும்புக்கூடு ஒன்றுகூட வந்திருந்தது. சாக்பீஸ் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. எதற்கு மேடம், அவர்கள் வந்து பார்ப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், போய்விடுவார்கள் என்றேன்.

“வந்தது வந்தாச்சு. ஒரு பாடம் எடுத்துட்டுப் போறேன் சார்.”

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். கிண்டலும் இல்லை, வீம்பும் இல்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஊராட்சிப் பள்ளிக்குப் போய் ஒரு பெட்டி சாக்பீஸ் கடன் கேட்டு வாங்கிவந்தேன். கரும்பலகைக்கு முந்தின நாள்தான் வண்ணம் அடித்திருந்தோம். சாக்பீஸ் வழுக்கியது. துணியை நனைத்துத் தேய்த்துத் தேய்த்து ஓர் ஓரத்தை எழுதும் பதத்துக்குக் கொண்டுவந்தார். தேதி போட்டார். ‘இந்தியக் கல்வி வரலாறு’ என்று தலைப்பு எழுதினார். வலது மூலையில் பள்ளிகளில் எழுதுவதுபோலப் ‘பதிவு’ என்றும் ‘வருகை’ என்றும் எழுதினார். பதிவு என்ற இடத்தில் பதிவேட்டில் இருந்த எண்ணைப் போட்டார். பிறகு வகுப்பில் இருந்த தலைகளை ஒவ்வொன்றாக எண்ணி, வருகை என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டார்.

அந்தத் தலைகளில் என்னுடையதும் ஒன்று. ஆய்வு நாளில் மாணவர் குறைவாகத் தெரியக்கூடாது என்பதால் அலுவலகத்தில் இருந்தவர்கள், வேன் ஓட்டுநர், சமையலறை அம்மாவின் இரண்டு மருமகள்கள் என்று எல்லோரும் பெஞ்சில் உட்காருவோம். நான் மூன்றாம் பெஞ்ச், வரிசை எண் முப்பத்தேழு. முப்பத்தேழாம் எண்ணுக்கு உரியவர் ஓரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் கடைசிவரை பார்த்ததில்லை.

அப்போதும் வகுப்பில் ஆள் பாதிதான். தாளாளர் சன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்துவிட்டார். என்னை வெளியே கூப்பிட்டு, “இன்னாப்பா, அந்தம்மா நம்மளையே காட்டிக் குடுத்துக்கினு இருக்குது. போய் அழி” என்றார். நான் உள்ளே போய், மேடம், தாளாளர் அந்த எண்ணை அழிக்கச் சொல்கிறார் என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். வராதவர்களை வரவில்லை என்றுதானே சார் போட வேண்டும் என்றார். பிறகு அவரே துணியை எடுத்து மூலையைத் துடைத்தார். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அவர் போட்டிருந்த ‘a’க்களை நான் பின்னால் நீல மையால் மூடினேன்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பொய்யாகக் கட்டிவைத்த இடத்துக்குள் வந்து, அது உண்மையான இடம் என்பதுபோல நடந்துகொள்வார். நாங்கள் சோளக்கொல்லைப் பொம்மையாக அவரைக் கொண்டுவந்து நிறுத்தினோம், அவர் காவல்காரராக நின்றார். அது வெகுளித்தனமா, பிடிவாதமா என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

பாடம் நன்றாக எடுப்பார். பழைய காலத்தில் காஞ்சிபுரத்தில் கடிகை என்று பெரிய கல்விக்கூடம் இருந்தது, வெளி தேசத்திலிருந்தெல்லாம் வந்து படித்தார்கள் என்று தொடங்கி, திருமுக்கூடல் கோயில் கல்வெட்டுக்கு வருவார். அந்தக் கோயிலில் ஒரு கல்விக்கூடமும் மாணவர் தங்கும் விடுதியும் மருத்துவசாலையும் இருந்திருக்கின்றன. யார் யாருக்கு எவ்வளவு நெல் என்று சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்குப் பாய், விளக்கெண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், “சனிக்கிழமை தலைக்குத் தேய்ச்சுக் குளிக்க எண்ணெய்கூடக் கணக்குல வெச்சிருக்காங்க” என்றார். பின் பெஞ்சில் வேன் ஓட்டுநர் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். பிறகு, “முப்பத்தேழு, நீங்க திருமுக்கூடல் போயிருக்கீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

பொங்கல் சமயத்தில் ஆற்றில் சாமிகள் வந்து கூடும்போது சின்ன வயதில் போயிருக்கிறேன், கரும்பு தின்றேன், கல்வெட்டு எதையும் பார்த்ததில்லை என்றேன். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுதான் வீட்டுப்பாடம் என்றார். ஓர் அலுவலக உதவியாளனுக்கு, இல்லாத மாணவன் பெயரில், வீட்டுப்பாடம். அன்று மதியம் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த ஆய்வு எட்டு மாதம் கழித்து வந்தது. கதவருகே என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “திருமுக்கூடல் போனீங்களா சார்?”

போனேன் மேடம் என்று சொல்லிவிட்டேன். நான் போகவில்லை. பாலாறு தாண்டி அரை மணி நேரத்தில் போய்விடலாம், இருந்தாலும் போகவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டார். பெரிசாக இருந்தது என்றேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வடக்குச் சுவரா, கிழக்குச் சுவரா என்று அடுத்த கேள்வி வருமோ என்று பயந்தேன், வரவில்லை. சொன்னால் நம்பிவிடுவார். தாளில் எழுதியிருப்பதை நம்புவதுபோலவே வாயால் சொல்வதையும் நம்புவார். மாணவர் சேர்க்கை நிறைந்ததும் நிரந்தர வேலை போட்டுத் தருவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். அதையும் நம்பிக்கொண்டுதான் வந்துகொண்டிருந்தார்.

அவர் வருகிற நாளில் வீட்டில் தறி நின்றுவிடும் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. அவர் கணவர் கோர்வைச் சேலை நெய்கிறவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் கோர்த்து நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். கரைக்கான நூலை இழுத்து ஓடுகிற நாடாவைப் போடுவது இவர். ஆய்வுக்குத் தேதி சொன்னால் அன்று இருவருக்குமே வேலை இல்லை.

மூன்றாவது வருடம் அவர் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கான தேர்வு எழுதினார். தேர்ச்சி பெற்றுவிட்டார். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கடிதம் வந்தது. அதற்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டும். நகல் செல்லாது, அன்று வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று கடிதத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இடம் காஞ்சிபுரத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். நாள், எங்கள் கல்லூரியில் அடுத்த ஆய்வு வைத்திருந்த அதே நாள்.

ஒரு வாரம் முன்னால், தறியை நிறுத்திவிட்டு, பேருந்து பிடித்து அலுவலகத்துக்கு வந்தார். கடிதத்தைக் காட்டினார்.

“பதினோரு மணிக்கு என் நம்பர் சார். காலைல வாங்கிக்கினு போயிட்டு, ரெண்டு மணிக்குள்ள நானே கொண்டாந்து பீரோல வெச்சுடறேன். பிற்பகல் கிளாஸும் எடுத்துடறேன். நீங்க தாளாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.”

அவரே ஏன் கேட்கவில்லை என்று தோன்றலாம். எங்கள் கல்லூரியில் ஆசிரியர்கள் தாளாளரை நேரில் பார்ப்பது வழக்கமில்லை. எதுவானாலும் அலுவலகம் வழியாகத்தான் போகும். அலுவலகம் என்றால் நான்தான். பீரோ சாவியும் என் இடுப்பில்தான். கேட்டுச் சொல்கிறேன் மேடம் என்றேன்.

மறுநாள் தாளாளர் வந்திருந்தார். கேட்கத்தான் போனேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், குரல் உயர்ந்திருந்தது. வாசலில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பேச்சு முடிகிறதாக இல்லை. நான் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார்.

இவ்வளவுதான் நடந்தது. பயம் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன், மறுபடி எதையாவது கேட்டுக்கொண்டு நிற்கச் சலிப்பாக இருந்தது. அதன் பிறகும் ஐந்து நாள் இருந்தது. தாளாளர் இரண்டு முறை வந்தார். நான் கேட்கவில்லை.

ஆய்வுக்கு முந்தின சாயங்காலம் அவர் போன் செய்தார். கேட்டீங்களா சார் என்றார். கேட்கவில்லை என்று சொல்வதைவிட இது சுலபமாக இருந்தது.

“கேட்டேன் மேடம். முடியாதுன்னுட்டாரு. அசல் இல்லன்னா கமிட்டி ஒத்துக்காதுன்னாரு. ஆனா ஒரு மணிக்குள்ள உங்களை விட்டுடச் சொல்லிட்டாரு. அங்க அஞ்சு மணி வரைக்கும் பாப்பாங்களாம்.”

இதில் ஒரு சொல்லைக்கூட யாரும் என்னிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்ததும் தானாகக் கோவையாக வந்தது. 

“சரி சார். நீங்க எனக்காகப் போய்க் கேட்டீங்களே, அதுவே பெரிசு” என்றார்.

மறுநாள் காலை அவர் வேனுக்குக் காத்திராமல் முதல் பேருந்திலேயே வந்துவிட்டார். சாக்பீஸ் இப்போது அவர் பையிலேயே இருந்தது. ஆய்வுக் குழுவில் மூன்று பேர். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு தேடுகிற மாதிரி ஆள். வழக்கமாக ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஐந்து நிமிடம் நிற்பார்கள், தலையாட்டுவார்கள், நகர்வார்கள். எங்கள் வகுப்புக்கு வந்தபோது மணி பதினொன்றரை.

அன்று அவர் எடுத்துக்கொண்டிருந்த பாடம் வெள்ளைக்காரர் காலத்து மானிய முறை. அப்போது இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு நேரில் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பார்ப்பார், தேறிய பிள்ளைகளை வைத்துத்தான் பள்ளிக்கு மானியம். அதனால் இன்ஸ்பெக்டர் வருகிற நாள் என்பதே பள்ளியில் ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது, பிள்ளைகள் மற்ற நாளில் என்ன படித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்றார். சமையலறை மருமகள்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.  அவர் எங்களைக் குத்திக்காட்டவில்லை. பாடத்திட்டத்தில் அடுத்து வந்த பகுதி அதுதான். அவ்வளவுதான் அவருக்கு.

பேராசிரியர் வாசலில் நின்றவர், உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு கேள்வி கேட்டார், இவர் பதில் சொன்னார். இன்னொன்று கேட்டார். இவ்வளவு கல்லூரி பார்க்கிறேன் அம்மா, ஒரு வகுப்பு நடந்து பார்த்து எத்தனை காலமாயிற்று, தொடர்ந்து எடுங்கள் என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார்.

இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அப்போது அலுவலகம் இல்லை, வரிசை எண் முப்பத்தேழு. எழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த பகுதியைத் தொடங்கினார். ஆசிரியர்களுக்கென்று முதன்முதலில் பயிற்சிப் பள்ளி வைத்தது, யார் கற்பிக்கலாம் என்பதற்குச் சான்றிதழ் என்று ஒன்று வந்தது. மணி ஒன்றாகும்வரை நடந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு சான்றிதழ் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். கட்டு முழுவதையும் பார்த்து முடிக்காமல் எதையும் வெளியே விடமாட்டோம் என்றார் குழுவில் ஒருவர். அவருடைய நீல உறை கட்டின் அடியில் இருந்தது. மேலே எடுத்து வைத்திருக்க வேண்டியது நான். நான்கு மணிக்குத்தான் கைக்கு வந்தது.

என் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். முகூர்த்த நாள். ஜவுளி எடுக்க வந்த வேன்களும் கோயிலுக்கு வந்த பேருந்துகளுமாக ஊருக்குள் நுழையவே முடியவில்லை.  வழியில் அவர் வேகமாகப் போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. பள்ளி வாசலில் இறங்கியபோது ஐந்தேகால். உள்ளே மேசைகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஓர் அதிகாரி தாள்களைக் கட்டி அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பார்த்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை.

“வரலைன்னு போட்டு அனுப்பிட்டோம்மா. பட்டியல் போயிடுச்சு” என்றார்.

அவர் தலையசைத்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. வராதவர்களை வரவில்லை என்றுதானே போட வேண்டும். கெஞ்சியிருந்தால் நானும் சேர்ந்து ஏதாவது சொல்லியிருப்பேனோ என்று நினைத்துப் பார்க்கிறேன். சொல்லியிருக்கமாட்டேன். வாசலுக்கு வந்து, உறையைத் திறந்து, வெள்ளைத் தாள்கள் நகர்ந்திருந்ததைச் சரி செய்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“இத பீரோல வெச்சுடுங்க சார்.”

நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் மேடம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த உறையைப் பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.

குழுவின் அறிக்கை நன்றாக வந்தது. தாளாளர் லட்டு வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மா ஏன் அன்று சாயங்காலம் அப்படிப் போயிற்று என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

“யோவ், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலைலயே குடுத்து அனுப்பியிருப்பேனே. நான் இன்னா ராட்சசனா?”

நடந்து முடிந்த பிறகு எல்லோரும் நல்லவர்கள்தான். உண்மையாகவே கொடுத்திருப்பாரா, வாய்ச்சொல்லா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதை நான் செய்யவில்லை. லட்டைச் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அவர் அதற்குப் பிறகும் இரண்டு ஆய்வுகளுக்கு வந்தார். அதே பை, அதே சாக்பீஸ், அதே ‘வந்தது வந்தாச்சு’. திருமுக்கூடல் எண்ணெய்க் குளியலைச் சொல்லும்போது அதே இடத்தில் சிரித்தார். அதன் பிறகு முகத்தைக் காட்டி வருகை பதிகிற கருவி வந்தது. பொய்யாட்களை வைத்து ஓட்டுவது முன்போலச் சுலபமாக இல்லை. தாளாளர் கல்லூரியை வேறொருவருக்குக் கைமாற்றினார். எல்லோருடைய சான்றிதழ்களையும் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நானும் வெளியே வந்து வாலாஜாபாத்தில் ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்தேன். நாள் முழுவதும் மற்றவர்களின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிற வேலை. பெரும்பாலும் எதுவும் தோன்றுவதில்லை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மட்டும் எப்போதாவது அந்த வகுப்பு நினைவுக்கு வரும். துடைத்துக்கொண்டு வந்தால் போய்விடும்.

போன வருடம் அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது. சொந்தத் தறி வைத்திருக்கிற வீட்டில் நேரடியாகச் சேலை எடுக்கலாம் என்று யாரோ சொல்லி, அக்காவும் நானும் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனோம். வரதர் கோயில் மதிலைத் தாண்டி ஒரு சந்து. வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே போனால், தறியில் கணவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை நின்றது. கை நின்றதும் தறியும் நின்றது.

“வாங்க சார்” என்று எழுந்து வந்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, “நான் சொல்லுவேன் இல்ல, காலேஜ்ல ஒருத்தர் எனக்காகத் தாளாளர்கிட்டயே போய்க் கேட்டாருன்னு. இவருதான்” என்றார்.

கணவர் தறிக்குழியிலிருந்து மேலே ஏறி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் நீங்கள் ஒருவராவது கேட்டீர்களே சார் என்றார். அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.  இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்கு வெட்கமாக இருந்தது, அந்தச் சந்திலிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. காப்பி வந்தது. குடித்தேன்.

சேலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். அக்கா அரக்கும் பச்சையுமாக ஒன்றை எடுத்தாள். கிளம்பும்போது அவர் என்னைத் தனியாக, வாசல் ஓரமாகக் கூப்பிட்டார். உண்மையிலேயே தாளாளரிடம் கேட்டேனா என்றுதான் கேட்கப்போகிறார், இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மேடம், நான் கேட்கவே இல்லை. நான்கு சொல்தான். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“ரொம்ப நாளா கேக்கணும்னு மனசுல இருந்துக்கினே இருக்குது சார். என்னால உங்களுக்கு ஏதாவது பேச்சு விழுந்துச்சா? எனக்காகக் கேக்கப் போனதுக்கு அவர் உங்களத் திட்டிட்டாரா?”

 அவர் கண்ணில் நிஜமான கவலை இருந்தது. இத்தனை வருடமும் இருந்த கவலை.

“இல்ல மேடம். அவர் என்னை ஒண்ணுமே சொல்லலை” என்றேன்.

அந்த விஷயத்தில் நான் அவரிடம் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. “அப்பாடா” என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது. உள்ளே போய்த் தறியில் தன் இடத்தில் உட்கார்ந்து, கணவர் குழியில் இறங்கித் தறியின் மிதியை அழுத்துவதற்காகக் காத்திருந்தார்.